நிலைப்படி ஒரு படியா?

நம் இணையதளத்தில் வாடகைக்கு வீடு போடுகிறவர்கள் பொய் சொல்லவே மாட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் இதை முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் உண்மையைச் சொல்லித்தான் நம்மைக் கவிழ்ப்பார்கள். பொய்யென்றால் ஒரு போன் போட்டுப் பிடித்துவிடலாம். உண்மையை எப்படிப் பிடிப்பது என்றுதான் எனக்கு வேலையில் பாதி நாள் போனது.

நான் ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் ஆகிறது. ஜொகூர் பாருவில் கீழே பல் டாக்டரும் மேலே நாமுமாக இருக்கும் அதே அலுவலகத்தில், வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே வீடுகளின் விவரங்களைச் சரிபார்த்துத் தளத்தில் ஏற்றும் பிரிவில் இருந்தேன். அதற்கு முன்னால் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்தவள். உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்ததும் இனி நிம்மதி என்று நினைத்தேன். என் நினைப்பில் மண்ணைப் போட்டவர் நஸீர் தம்பி.

நஸீர் நம் மேலாளர். மூவாரில் அவருடைய அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடை. ரொட்டி வீச வேண்டிய கையில் மடிக்கணினி வந்து உட்கார்ந்துகொண்டதே என்று அந்தப் பெரியவர் இன்றைக்கும் புலம்புவார். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், பதவியில் பெரியவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். சம்பள உயர்வு பேசும்போது மட்டும் சார், மேடம் ஆகிவிடுவோம்.

ஒருநாள் சிங்கப்பூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு ஞானத்தோடு திரும்பி வந்தார்.

"அக்கா, நம்ம வெப்சைட்ட எல்லாரும் யூஸ் பண்ணணும். கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, சக்கர நாற்காலியில இருக்கிறவங்க, எல்லாரும். சிங்கப்பூர்ல எல்லாம் செஞ்சிட்டாங்க லா."

சிங்கப்பூரில் செய்துவிட்டார்கள் என்று ஜொகூரில் ஒருவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. வேலையில் இறங்கினோம். இப்படி ஒரு திட்டம் போடுகிற அலுவலகத்துக்கே மாடிப்படி ஏறித்தான் வரவேண்டும் என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கியது, நிறத்தை அழுத்தமாக்கியது, மௌஸ் பிடிக்க முடியாதவர்களும் தேதியைத் தேர்ந்தெடுக்கும்படி நாட்காட்டியை மாற்றியது எல்லாம் கணினிப் பிள்ளைகளின் வேலை. அதை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது படங்களுக்கு விவரம் எழுதுகிற வேலை. பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்ட ஒரு மென்பொருள் உண்டு. படம் வந்தால், அதோடு நாம் எழுதி வைத்திருக்கும் விவரத்தை வாசிக்கும். எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் எல்லா வீட்டுக்கும் ஒரே வரியை எழுதி வைத்திருந்தார்: ‘கண்ணைக் கவரும் வரவேற்பறை.’ கண் தெரியாதவரிடம் போய் இதை வாசித்தால் அவர் என்ன நினைப்பார்? குளியலறைப் படத்துக்கும் அதே வரிதான். அதையெல்லாம் துடைத்து எழுதவே எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

அடுத்து வீடுகளுக்கு வந்தோம். நம் ஊரில் உடல் ஊனமுற்றவர்களை, அரசாங்க அட்டையில் இருக்கிறபடி, ஓகேயு என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவர்களுக்கு வசதியான இடம் என்றால் மலாயில் ‘மெஸ்ரா ஓகேயு’. மெஸ்ரா என்றால் அன்பாகப் பழகுவது என்று அர்த்தம். உங்கள் வீடு மெஸ்ரா ஓகேயுவா என்று எல்லா வீட்டுக்காரர்களையும் கேட்டோம். எல்லாரும் ஆமாம் என்றார்கள். பத்து பகாட் ஊரில் ஒரு பெரியவருக்குப் போன் போட்டு, எப்படி ஆமாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"நான் எல்லார்கிட்டயும் மெஸ்ராதாம்மா. வந்தவங்கள இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார்.

இன்னொருவர், வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, அதனால் ஆமாம் என்றார். அந்தத் தர்க்கம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, சுற்றி வளைக்க வேண்டாம், நேராகக் கேட்போம் என்று கேள்வியை மாற்றினோம். ‘உங்கள் வீட்டில் படி இருக்கிறதா?’ ஆம், இல்லை. அவ்வளவுதான். மூன்று மொழியிலும் போட்டோம். மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் இல்லை என்று பதில் போட்டார்கள். படி இல்லாத வீடு என்று அந்த வீடுகளுக்கெல்லாம் பச்சை நிறத்தில் ஒரு முத்திரை குத்தினோம். நஸீருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா அக்கா, ஜொகூரே தட்டையாத்தான் இருக்கு."

கஸ்தூரி போன் போட்டது அதற்கப்புறம் ஒரு புதன்கிழமை.

"மேடம், குளுவாங்ல நான் எடுத்திருக்கிற வீட்டுல படி இல்லைன்னு போட்டிருக்கு. அது நெஜ உண்மையா, இல்ல ஹோம்ஸ்டே உண்மையா?"

"அதென்னம்மா ஹோம்ஸ்டே உண்மை?"

"கடலோரம்னு போடுவாங்க. தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு, பக்கத்து வீட்டுக் கூரைய எட்டிப் பாத்தா தூரத்துல ஒரு கோடு தெரியும். அந்த உண்மை."

எனக்கு இந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. மூவாரில் நாற்காலி, சோபா செய்யும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுகிறவள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் கால் போய்விட்டது. "நாற்காலி செய்யுற இடத்துக்குச் சொந்த நாற்காலியோட வேலைக்கு வந்த ஒரே ஆள் நான்தான்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். கையாலேயே ஓட்டுகிற மாதிரி மாற்றிய கார் வைத்திருக்கிறாள். குளுவாங்கில் அவள் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அப்பா அம்மா இருப்பது லிப்ட் இல்லாத அடுக்குமாடியில், மூன்றாவது மாடி.

"கல்யாண மண்டபத்துல சாய்வுப் பாதை இருக்கு, நானே போய்ப் பாத்துட்டேன். உங்க வீட்டத்தான் பாக்க முடியல. அன்னிக்கு வேற ஆளுங்க தங்கியிருந்தாங்க. அதான் கேக்குறேன்."

"படி இருந்தா என்னம்மா? சொந்தக்காரங்க கூட இருப்பாங்கதானே?" என்றேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஆனால் கேட்டதால்தான் விஷயம் தெரிந்தது.

"அதுதான் மேடம் பிரச்சனையே. எனக்கு ரெண்டு மாமா இருக்காங்க. தங்கமானவங்க. ஆனா என்னைப் பாத்ததும் சட்டைக் கைய மடிச்சிருவாங்க. அண்ணன் கல்யாணத்துல நாற்காலியோட என்னைத் தூக்கி மேடையில வச்சாங்க. செருப்பு ஒரு பக்கம் விழுது, சேலை ஒரு பக்கம் போகுது, போட்டோ எடுக்கிறவன் விடாம எடுக்கிறான். ஆல்பத்துல பாருங்க, பல்லக்குல ஏத்தின பொண்ணு மாதிரி நானு, முகம் மட்டும் வெட்டக் கொண்டு போற ஆடு மாதிரி. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. தூக்கித்தான் ஆகணும்னா அந்த எடத்துக்கு நான் போக மாட்டேன். தங்கச்சி கல்யாணமா இருந்தாலும் சரி."

அப்புறம் இந்த வீடு எதற்கு என்றும் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கச்சிக்கு மருதாணி வைக்கிறது அந்த வீட்டுலதான். நான்தான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். இதுவரைக்கும் எல்லாரும் என்னை எங்கேயாவது கொண்டு போய் வச்சிருக்காங்க. நான் யாரையும் ‘வாங்க’ன்னு கூப்பிட்டதில்ல மேடம். ரெண்டு நாளைக்குத்தான்னாலும் அது என் வீடு."

வீட்டுக்காரம்மாவின் பெயர் தனலெட்சுமி. வாடகைக்கு விடுகிற வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். அவரைப் பிடித்து, அம்மா, படி இருக்கிறதா இல்லையா என்று திரும்பக் கேட்டேன்.

"மாரியாத்தா மேல சத்தியமாச் சொல்றேன். என் வீட்டுல ஒரு படிகூடக் கிடையாது. மட்டமான தரை. எங்க வீட்டுக்காரரு பாத்துப் பாத்துக் கட்டினது."

மாரியாத்தாளையே இழுத்துவிட்ட பிறகு நான் என்ன கேட்க முடியும்? கஸ்தூரிக்குப் போன் போட்டு, படி இல்லை, தைரியமாக வா என்றேன்.

"சரி மேடம். உங்கள நம்பி வர்றேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில், சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்கத் தனலெட்சுமி அம்மாவுக்குப் போன் போட்டேன். அவருடைய குரல் தூரத்தில் கேட்டது.

"சத்தமாப் பேசுங்கம்மா. போனக் கீழ வச்சிருக்கேன். கையெல்லாம் மஞ்சளு. நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக்கிட்டு இருக்கேன். வெள்ளிக்கெழமை இல்ல, அதோட நல்ல காரியத்துக்கு வேற வர்றாங்க."

பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எதுக்கு மஞ்சள் பூசுறீங்க?"

"நிலைப்படிக்கு."

"படி இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களேம்மா?"

"படி எங்கம்மா இருக்கு? இது நிலைப்படி. லட்சுமி இருக்கிற எடம். இதப் போயி யாராவது படின்னு சொல்லுவாங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். படி என்றால் ஏறுவது. நிலைப்படி என்றால் கும்பிடுவது. மிதிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, அதன்மேல் நின்று தும்மக்கூடக் கூடாது. பிறந்ததிலிருந்து தினமும் தாண்டிப் போகிற ஒன்று நம் கண்ணுக்கே தெரிவதில்லை. அந்தம்மா சத்தியம் பண்ணியது பொய்யில்லை. எங்கள் கேள்விதான் தப்பு.

உயரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். ஒரு சாண் இருக்கும் என்றார். கஸ்தூரி அந்நேரம் மூவாரிலிருந்து கிளம்பியிருப்பாள்.

நஸீரிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அலமாக் என்று தலையில் கை வைத்தவர், அடுத்த நொடியே தீர்வும் கண்டுபிடித்தார். மேலாளர்களுக்கு இது ஒரு வியாதி.

"ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. பயந்துருவாங்க. குளுவாங்ல அப்பாவுக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. ரெண்டு ஆள வாசல்ல நிக்கச் சொல்லலாம். அரிசி மூட்டையே தூக்குறவங்க. அலாக்காத் தூக்கி உள்ள வச்சிருவாங்க. நல்ல சர்வீஸ்னு ஸ்டார்கூடப் போடுவாங்க."

"அரிசி மூட்டை கோவிச்சுக்காது தம்பி. இந்தப் பொண்ணு கோவிச்சுக்கும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். வாடிக்கையாளர் வழியில் இருப்பார், தப்பு நம் பக்கம் இருக்கும், அவருக்கு இன்னும் தெரிந்திருக்காது. சொல்லாமலே சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு ஆசை வரும். அது அக்கறை மாதிரியே இருக்கும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் சொல்லாமல் விட்டால் அவள் வாசலில் வந்து நிற்பாள், எதிரில் நிலைப்படி இருக்கும், பின்னால் மாமாக்கள் கையை மடித்துக்கொண்டு வருவார்கள். அப்புறம் அவள் முடிவு பண்ண ஒன்றுமே மிச்சமிருக்காது. வழியிலேயே தெரிந்தால், திரும்பிப் போவதா வருவதா என்பதையாவது அவள் முடிவு பண்ணலாம். போனை எடுத்தேன்.

கஸ்தூரி பாதி வழியில், ஆயர் ஈத்தாம் ஊரில் காரை நிறுத்தி, ஆவி பறக்கும் பாவ், அந்தச் சீன ரொட்டி, ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தாளாம். நிலைப்படி விஷயத்தைச் சொல்லி முடித்தேன். லாரிகள் போகிற சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது.

"மேடம், எனக்குப் பயங்கரக் கோவம். அத அப்புறம் வச்சுக்கலாம். ஒரு சாண்னு சொன்னீங்களே, யாரோட சாண்?"

"அந்தம்மாவோட சாண்."

"அந்தம்மா எவ்வளவு உயரம்?"

எனக்குத் தெரியவில்லை. நேரில் பார்த்ததில்லை.

"இருக்குன்னு சொல்லியிருந்தா நான் பட்டறையில ஒரு பலகை அடிச்சுக் கொண்டாந்திருப்பேன் மேடம். எனக்குப் படி பிரச்சனையில்ல. எவ்வளவுன்னு தெரியாததுதான் பிரச்சனை. இல்லைன்னு சொன்னதால இப்ப ஒரு சின்னப் பலகையோட வந்திருக்கேன், நாலு விரல் உயரம்தான் தாங்கும். வாசல்ல மட்டுமில்ல, கேட்டுல ஆரம்பிச்சுக் கட்டில் வரைக்கும் அளந்து சொல்லச் சொல்லுங்க. நான் இங்கயே இருக்கேன்."

மறுபடியும் தனலெட்சுமி அம்மா. இந்தத் தடவை எப்படிக் கேட்பது? படி இருக்கிறதா என்றால் இல்லை என்பார். மேடு என்றால் அதற்கும் ஒரு சாமி பெயர் சொல்வார். அப்போது என் மேசைக்குப் பக்கத்தில் நஸீரின் சக்கரம் வைத்த பெட்டி நின்றுகொண்டிருந்தது, சிங்கப்பூர் போய்வந்ததிலிருந்து அங்கேயேதான் கிடந்தது.

"அம்மா, வீட்டுல உருட்டிக்கிட்டுப் போற சூட்கேஸ் இருக்கா?"

"இருக்கு. மக கொண்டாந்தது."

"அத எடுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்ட போங்க. அங்கேருந்து உருட்டிக்கிட்டே வாங்க. எங்கெங்க தூக்கணுமோ அங்க நின்னு, எவ்வளவுன்னு டேப் வச்சு அளந்து சொல்லுங்க."

என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். இருந்தாலும் உருட்டினார். போனில் கடகடவென்று சத்தம் கேட்டது. கேட்டைத் தாண்டியதும் நின்றது. கால்வாய் மேல் போட்டிருந்த சிமெண்ட் சிலாப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்ததாம். அளந்தார். அப்புறம் நிலைப்படி. வெளிப்பக்கம் ஒரு அளவு, உள்பக்கம் ஒரு அளவு. அப்புறம் குளியலறை வாசலில், தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டின மேடு.

"அட, இங்கயும் தூக்கணுமா? இத்தன வருஷமா இது இருக்கிறதே எனக்குத் தெரியலையேம்மா" என்றார், தன் வீட்டைப் பார்த்தே.

இன்றைக்கு வீட்டுக்காரர்களுக்கு நாம் அனுப்புகிற கேள்வி, ‘சூட்கேஸை உருட்டிக்கொண்டு போனால் எங்கே, எவ்வளவு தூக்க வேண்டும்?’ என்று இருக்கிறதல்லவா, அது அன்றைக்குப் பிறந்தது. மெத்தப் படித்த யாரோ யோசித்து எழுதியது என்று புதுப் பிள்ளைகள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோஷம், அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை முத்திரையை எடுத்துவிட்டு அளவை மட்டும் போட்டதும் அந்த வாரம்தான். அளவைப் பார்த்து, தனக்கு ஒத்துவருமா என்று வருகிறவர்களே முடிவு பண்ணிக்கொள்கிறார்கள்.

அளவுகளைக் கஸ்தூரிக்கு அனுப்பினேன். பாவ் சுற்றிக் கொடுத்த காகிதத்திலேயே படம் வரைந்து, போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்பினாள். ஒரு ஒட்டுப்பலகை, நாலு கட்டை, இப்படி வெட்டு, அப்படி அடி. நஸீர் படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கார் சாவியை எடுத்தார்.

"நாமளே போலாம் அக்கா. ஜும்ஆ தொழுகைக்குக் குளுவாங்லயே போய்க்கிறேன்."

வழியில் செடெனாக் ஊரைத் தாண்டினோம். அப்புறம் அவர்தான், "நான் சொன்ன மாதிரி ஆள வச்சுத் தூக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார். ஒன்றும் ஆகியிருக்காது தம்பி, அவள் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லியிருப்பாள், அதோடு இனிமேல் எங்கேயும் போயிருக்க மாட்டாள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

குளுவாங் கடைத்தெருவில் மரம் வாங்கி, அங்கேயே வெட்டி, ஆணி அடித்து, காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு போய் இறங்கினோம். தனலெட்சுமி அம்மா என் தோள் உயரம்தான் இருந்தார். வாய் நிறைய வாங்க வாங்க என்றவர், கூரைமேல் இருந்த பலகையைப் பார்த்ததும் முகம் மாறினார்.

வாசல் நன்றாக இருந்தது. இரட்டைக் கதவு. கீழே நிலைப்படி முழுக்க மஞ்சள், அதில் வரிசையாகக் குங்குமப் பொட்டு, மேலே மாவிலை.

"இதுமேலயா பலகையப் போடப் போறீங்க?" என்றார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. வேற என்ன வேணும்னாலும் செய்யுறேன். இந்த வீடு கட்டி வந்த நாள்லேருந்து நானே இத மிதிச்சதில்ல. வெள்ளிக்கெழமை அதுவுமா மஞ்சள் பூசிட்டு, அதுமேல சக்கரத்த ஏத்தினா மனசு கேக்காது. பின்னால அடுப்படி வாசல் இருக்கு. அங்க இதெல்லாம் இல்ல. அப்படி வரட்டுமே?"

நானும் எட்டிப் பார்த்தேன். பின்வாசலில் தூக்க வேண்டிய மேடு எதுவும் இல்லைதான். அளவில் பார்த்தால் அதுதான் சுலபம். சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மை.

அதற்குள் கார் வந்து நின்றது. கஸ்தூரி கதவைத் திறந்து, பின்சீட்டிலிருந்து சக்கர நாற்காலியைத் தானே இழுத்து இறக்கி, விரித்து, அதில் மாறி உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். உதவிக்குப் போகாமல் நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். பின்வாசல் என்றதும் அவள் தலையசைத்தாள்.

"மீன்காரர்தான் பின்வாசல்ல வருவாரு. நான் பொண்ணோட அக்கா. இன்னிக்கு என் வீட்டுக்கு வர்றாங்க எல்லாரும்."

"அதுக்கில்லம்மா" என்று தனலெட்சுமி அம்மா தவித்தார். அந்தம்மாவும் பாவம். ஒரு பக்கம் வீடு தேடி வந்த பெண், இன்னொரு பக்கம் லட்சுமி. "நிலைப்படிய மிதிக்கக் கூடாதும்மா. உனக்குத் தெரியாததா?"

கஸ்தூரி அந்த மஞ்சளையும் பொட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் முகத்தில் போனில் கேட்ட அந்தக் குறும்பு வந்தது.

"அக்கா, எனக்கு மூணு வயசுல கால் போச்சு. அதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு வீட்டு நிலைப்படியக்கூட மிதிச்சதில்ல. இந்தத் தெருவுல அப்படிச் சொல்லுற ஆள் வேற யாரையாவது காட்டுங்க."

தனலெட்சுமி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"மிதிக்கிறதில்ல அக்கா, தாண்டுறது. நீங்க காலால தாண்டுறீங்க. நான் பலகையால தாண்டுறேன். பலகை அதுமேல படாது. ரெண்டு பக்கமும் கட்டையிலதான் நிக்கும். அப்படித்தான் வரைஞ்சிருக்கேன்."

"ஒரு பக்கமாப் போடுங்க" என்றார் அந்தம்மா கடைசியில். "லட்சுமிக்கும் வழி வேணும்ல."

இரட்டைக் கதவில் ஒரு பாதிக்குப் பலகை, மறு பாதி லட்சுமிக்கு என்று ஒப்பந்தமானது. நஸீர் பலகையைப் பொருத்தினார். மிச்சம் விழுந்த துண்டுகள் உள்பக்கத்துக்கும் கால்வாய் சிலாப்புக்கும் சரியாக வந்தன; குளியலறை மேட்டுக்குக் கஸ்தூரி கொண்டுவந்த சின்னப் பலகையே போதும். தனலெட்சுமி அம்மா முட்டி போட்டு, ஒரு செய்தித்தாளைப் பலகைக்கும் நிலைப்படிக்கும் நடுவில் நுழைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துப் பார்த்தார். எங்கேயும் மாட்டவில்லை. எந்த இன்ஸ்பெக்டரும் அவ்வளவு கவனமாகச் சோதித்து நான் பார்த்ததில்லை.

கஸ்தூரி சக்கரத்தைப் பிடித்தாள். பலகை கொஞ்சம் முனகியது. பாதி ஏறியதும் நாற்காலி ஒரு நொடி நின்றது. பின்னால் நின்ற நஸீரின் கைகள் தானாக நீண்டன. நான் அந்தக் கையில் ஒன்று போட்டேன். அவள் பல்லைக் கடித்து இன்னொரு தள்ளு தள்ளினாள், மேலே போனாள், மாவிலைக்குக் கீழே தாண்டி உள்ளே இறங்கினாள். கூடத்தின் நடுவில் போய் நாற்காலியைத் திருப்பி, எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நஸீர் தொழுகைக்கு ஓடினார். நான் கிளம்புகிறேன் என்றதற்குக் கஸ்தூரி விடவில்லை.

"கோவம் இன்னும் பாக்கி இருக்கு மேடம். மருதாணி வச்சுக்கிட்டுப் போங்க, நடுவுல திட்டுறேன்."

உண்மையிலேயே திட்டினாள். தட்டு அடுக்கிக்கொண்டே, பூ பிரித்துக்கொண்டே, நான் சரியாக விசாரிக்காமல் ‘தைரியமாக வா’ என்று சொன்னதை எடுத்து எடுத்துத் திட்டினாள். தனலெட்சுமி அம்மா நடுநடுவில் வந்து, "ஆமா, நீங்க சரியாக் கேட்டிருக்கணும்" என்று அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர்கள் இரண்டு மாமாக்கள். அவள் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. கால் தரையில் பட்டதும் பெரியவர் சட்டைக் கையை மடித்தார், சின்னவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். இரண்டு பேரும் நேராகக் கஸ்தூரியின் காரிடம் போய்க் குனிந்து பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை. நிமிர்ந்து தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார்கள்.

"பாப்பா எங்க?" என்று பெரியவர் வாசலில் நின்ற என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடத்தில், கதவுக்கு நேராக, பட்டுச்சேலையும் கையில் சந்தனக் கிண்ணமுமாக அவள் இருந்தாள்.

"வாங்க மாமா, வாங்க. பாத்து, அந்தப் பக்கம் படி இருக்கு."

பெரியவர் பலகையையும் நிலைப்படியையும் பார்த்தார். அப்புறம் மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டு, சந்தனம் எடுத்துக்கொள்ள உள்ளே போனார்.